மூன்று சாவடிகளும் ஒரு துணைத்தேற்றமும்

இருபத்தாறு ஆண்டுகளாக நான் மூன்று கோடுகளைப் பற்றி எழுதிப் பிழைத்து வருகிறேன்.

கணிதத்தில் கோட்டுருவியல் என்றொரு துறை உண்டு. புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் தவிர அதில் வேறு பொருள் இல்லை. புள்ளிக்கு முனை என்றும் கோட்டுக்கு விளிம்பு என்றும் பெயரிட்டுவிட்டால் அது ஆராய்ச்சியாகிவிடுகிறது. அதன் அண்டை வீடு சேர்மானவியல். ஒன்றொன்றாக எண்ண வேண்டியவற்றை எண்ணாமலே எத்தனை என்று சொல்வது அதன் தொழில். இவ்விரு வீடுகளுக்கும் இடைப்பட்ட சந்தில் நின்றுகொண்டு முப்பத்தொரு கட்டுரைகளை வெளியிட்டிருக்கிறேன். அவற்றை முழுமையாகப் படித்தவர்கள் இருவர் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்: ஒருவர் அச்சுக் கோப்பவர், மற்றவர் நான். அச்சுக் கோப்பவரைப் பற்றி இப்போது எனக்கு ஐயம்.

மூன்றாவதாக ஒருவர் இலங்கையின் மாத்தளை மாவட்டத்தில் இருக்கிறார் என்பது இந்தியாவில் என் முகவரிக்கு வந்த ஒரு கடிதத்தால் தெரியவந்தது. பள்ளிக் குறிப்பேட்டிலிருந்து கிழித்த தாள், திருத்தமான கையெழுத்து. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் கட்டுரையின் இரண்டாம் துணைத்தேற்றத்தில் நிறுவலுக்குப் பதிலாக 'இது தெளிவு' என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே எங்களுக்கு அது தெளிவாக இல்லை. படம் இணைத்திருக்கிறேன்." கையொப்பம், வேலாயுதம், கணித ஆசிரியர், யட்டவத்தைக்கு அருகில். அடியில் இரண்டு வட்டங்கள். அவற்றுக்கிடையே மூன்று கோடுகள். கோடுகளின்மேல் க, ங, ச என்று மூன்று எழுத்துகள்.

அந்தத் துணைத்தேற்றத்தை இங்கே சொல்லிவிடுவது நல்லது, சிறிய ஒன்றுதான். எந்த இரண்டு சாலைகளை அடைத்தாலும் போக்குவரத்து அறுந்துபோகாத ஒரு சாலை வலையை எண்ணிக்கொள்ளுங்கள். அதில் ஒன்றையொன்று தொடாத மூன்று சாலைகளை எவரும் விரும்பியபடி சுட்டட்டும். அம்மூன்றில் ஒவ்வொன்றையும் ஒருமுறை மட்டும் கடந்து, வேறெந்தச் சாலையையும் இரண்டாம் முறை மிதிக்காமல், புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் ஒரு சுற்று எப்போதும் உண்டு. இவ்வளவே. இதன்மேல் என் கட்டுரைகளில் பத்தொன்பது நிற்கின்றன. இதன்மேல் என் நூலும் நின்றது. அதன் அச்சுப்படி திருத்தத்துக்காக என் தோல்பைக்குள் இருந்தது. ஊர் திரும்பியதும் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

கண்டியில் ஒரு கருத்தரங்குக்கு அழைப்பு வந்தபோது மாத்தளையையும் பயணத்தில் சேர்த்துக்கொண்டேன். ஒரு பள்ளி ஆசிரியரின் ஐயத்தை நேரில் சென்று தீர்ப்பது பெருந்தன்மை. பெருந்தன்மையைக் காட்டும் வாய்ப்பு என் துறையில் அடிக்கடி அமைவதில்லை. படத்தை ஆராய்ந்தீர்களா என்று கேட்கலாம். பார்த்தேன். நோக்கவில்லை.

கருத்தரங்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நான் பேசி முடித்ததும் தலைவர், "மிக ஆழமான உரை" என்றார். தேநீர் ஆறிக்கொண்டிருந்ததால் வினா எதுவும் எழவில்லை. கேள்வி எழாத உரையை ஆழமானது என்று சொல்லும் வழக்கம் இரு நாடுகளுக்கும் பொதுவாக இருப்பது கண்டு மகிழ்ந்தேன்.

மறுநாள் மாத்தளைக்குப் பேருந்து. நாட்டில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. வழியில் ஓரிடத்தில் வண்டி நின்றது. எல்லாரும் எழுந்து இறங்கினார்கள். ஊர் வந்துவிட்டது போலும் என்று சன்னல் வழியே பார்த்தால் ஊர் இல்லை. மணல்மூட்டைகளும் தகரக் கூரையும் துப்பாக்கிகளும் இருந்தன. நான் இருக்கையிலேயே இருந்தேன். பயணச்சீட்டு வாங்கியவன் ஏன் நடக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

நடத்துநர் ஓடி வந்தார். "எறங்குங்க ஐயா! பஸ் தனியாப் போகும், ஆளுங்க தனியா நடக்கணும். ரெண்டும் ஒண்ணாப் போகக் கூடாது."

"ஏன்?"

"ஏன்னு அவங்ககிட்டக் கேளுங்க. துவக்கு அவங்க கையிலதான் இருக்கு."

துவக்கு என்றால் துப்பாக்கி. இறங்கி நடந்தேன். எங்கள் ஊரில் பேருந்து பழுதாகிவிடும், மக்கள் நடப்பார்கள். இங்கே பேருந்து பழுதின்றி ஓடுகிறது. அப்போதும் மக்கள் நடக்கிறார்கள். ஆளில்லாத வண்டி முன்னே செல்ல, அடையாள அட்டையைக் கையில் ஏந்தியவர்களின் வரிசை பின்னே சென்றது. தமிழ்ப் பெயர் எழுதிய அட்டைகள் சற்றுக் கூடுதல் நேரம் படிக்கப்பட்டதைக் கவனித்தேன். என் கடவுச்சீட்டைப் புரட்டிய சிப்பாய், எங்கள் நாட்டு மட்டைப்பந்து வீரர் ஒருவரின் பெயரைச் சொல்லிப் புன்னகைத்தான். அந்தப் பெயரே எனக்கும் நுழைவுரிமையாயிற்று.

மாத்தளைக் கடைத்தெருவில் ஓர் உணவகத்தில் அமர்ந்து தேநீர் கேட்டேன். கேளாமலே ஒரு பெரிய தட்டு வந்து அமர்ந்தது: பட்டிஸ், ரோல்ஸ், மீன் பணிஸ், வடை, முக்கோணமாக மடித்த ரொட்டி. விருந்தினரை இப்படியும் போற்றும் நாடா என்று வியந்து, தட்டை மீதம் வைத்து அவமதிக்கக் கூடாதென்ற கடமையுணர்வோடு ஒன்றன்பின் ஒன்றாக உண்டேன். ஆறாவதில் மூச்சு முட்டியது.

பரிமாறுபவர் அருகில் வந்து கவலையோடு பார்த்தார். "சேர், எல்லாத்தையும் திண்ணோணும் எண்டு இல்ல. விருப்பமானத எடுத்துட்டு மத்தத விடுறதுதான்."

இலங்கையில் 'சார்' என்பது 'சேர்' ஆகிவிடுகிறது. மிஞ்சிய தட்டு அடுத்த மேசைக்குச் சென்றது. அங்கிருந்து அதற்கடுத்த மேசைக்கு. எல்லா மேசைகளையும் ஒருமுறை தொட்டுவிட்டு அது புறப்பட்ட இடத்துக்கே திரும்பியதைக் கண்டேன். என் துணைத்தேற்றம் முழுமையாக உண்மையானதை நேரில் பார்த்த ஒரே இடம் அதுதான்.

இரண்டாம் நாள் காலையில் நிஸ்தார் என்பவரின் முச்சக்கர வண்டியில் யட்டவத்தைப் பக்கம் சென்றேன். நிஸ்தார் மாத்தளை முஸ்லிம், நாற்பது வயதிருக்கலாம், தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் பேசுவார். வளைவுகளில் ஒலிப்பானை மட்டும் நம்பி, முன்னே பார்ப்பதைத் தவிர்த்தார்.

மிளகுக் கொடிகள் ஏறிய மரங்களுக்கிடையே வேலாயுதத்தின் வீடு. வாசலில் அவர் மனைவி நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்கதானா அந்தத் 'தெளிவு' சேர்?"

அவ்வீட்டில் எனக்கு அதுதான் பெயர் என்பது அப்போது புரிந்தது. உள்ளிருந்து வேலாயுதம் சட்டைப் பொத்தானை மாட்டியபடி விரைந்து வந்தார். மெலிந்த, நடுவயதுக்காரர், முன்கையில் சுண்ணக்கட்டித் தூள் விடுமுறை நாளிலும் இருந்தது. "வாங்க சேர், வாங்க. அவ பேச்சப் பெருசா எடுத்துக்காதீங்க. புள்ளைங்க கணக்குல இடையில ஒரு படி விட்டா 'தெளிவு போட்டுட்டியா'ன்னு கேப்பேன். அது அப்படியே வீட்டுக்கும் வந்துருச்சு."

என் கட்டுரை அவர் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். மாத்தளையில் பழைய தாள்களை விற்கும் கடையில் ஒரு கட்டு வாங்கினாராம். கருத்தரங்கத் தொகுப்பு, ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டிருந்ததால் மறுபக்கத்தில் பிள்ளைகள் கணக்குச் செய்யலாம் என்று வாங்கியது. "பின்பக்கம் முடிஞ்சதும் முன்பக்கத்தப் படிச்சேன் சேர்," என்றார் பணிவோடு. என் ஆய்வின் பயனை இவ்வளவு துல்லியமாக எந்த மதிப்புரையாளரும் கூறியதில்லை.

பகலுணவு: சிவப்பரிசிச் சோறு, பலாக்காய்க் கறி, பருப்பு, இடித்த தேங்காய்ச் சம்பல். எங்கள் ஊரில் தேங்காய் சுவைக்காகச் சேர்க்கப்படுவது. இங்கே மற்றவை தேங்காய்க்குச் சுவையாகச் சேர்க்கப்படுகின்றன. உண்டபின் இரண்டு மணி நேரம் அவருக்கு என் துணைத்தேற்றத்தை விளக்கினேன். கரும்பலகை இல்லாததால் சிமெந்துத் தரையில் சுண்ணக்கட்டியால் எழுதினேன். நிஸ்தார் வாசற்படியில் அமர்ந்து வெற்றிலை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலாயுதம் முடிவுவரை பொறுத்திருந்து, பிறகு தரையில் மூன்று கோடுகள் இழுத்துச் சொன்னார்: "ஒரே ஒரு சந்தேகம் சேர். இந்தப் பக்கம் நம்ம வீடு. அந்தப் பக்கம் கலேவெலச் சந்தை. நடுவுல போக்குவரத்துக்கு மூணே பாதை. மூணுலயும் செக் பொயின்ட். காலையில முதலாவதால அந்தப் பக்கம் போறேன். ரெண்டாவதால திரும்பி வாறேன். மூணாவதாலயும் கடந்துட்டேன்னு வைங்க. இப்ப நான் எங்க இருக்கேன்?"

"அந்தப் பக்கம்."

"வீடு?"

"இந்தப் பக்கம்."

"அப்ப எப்படி சேர் சுற்று முடியும்?"

பெரிய இடையூறு ஏற்படும்போது சொற்பொருளுக்குள் புகுந்துகொள்வது என் பழக்கம். "கணிதத்தில் வீடு என்ற ஒன்று கிடையாது," என்றேன்.

நிஸ்தார் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் திரும்பினார். "அப்ப அந்தக் கணக்குல ஆக்கள் ராவைக்கு எங்க படுக்கிற சேர்?"

பிறகு அவரே அங்குள்ள வழக்கத்தைச் சொன்னார். ஒரு சோதனைச் சாவடியால் போனால் வேறொன்றால் திரும்புவார்கள். ஒரே சிப்பாயின் முகத்தில் ஒரு நாளில் இரண்டுமுறை விழிப்பதில்லை. "மொதல் தரம் அவன் ஐடென்டிட்டியப் பார்ப்பான். ரெண்டாந்தரம் மொகத்தப் பார்ப்பான். மொகம் அவனுக்கு ஞாபகம் வந்திட்டா பொறகு கேள்வி வரும். அதனால போக ஒண்டு, வர ஒண்டு. மூணாவத யாரும் தொடமாட்டோம். மூணையும் ஒரே நாள்ல சுத்தினா, அவனுகள எண்ணிப் பார்க்க வந்தவன் எண்டு நெனப்பானுகள்."

மக்களின் அச்சத்திலிருந்து பிறந்த பழக்கத்தைத் தேற்றத்துக்கு எதிராக நிறுத்துவது முறையன்று என்று கூறி எழுந்தேன். ஆனால் தரையிலிருந்த மூன்று கோடுகளை என் கால் தானாகவே சுற்றிச் சென்றது.

இரவு அங்கேயே தங்கச் சொன்னார்கள். மாலை வெளிச்சத்தில் அமர்ந்து, வேலாயுதத்தின் கடிதத்தின் ஓரத்திலேயே அவருக்கு மறுப்பு எழுத முற்பட்டேன். பெயரில்லாத படம் என் கண்ணை உறுத்தும். க, ங, ச என்பவை எவை? நாளை படிப்பவனுக்கு விளங்க வேண்டாமா? ஆகவே நிஸ்தாரிடம் கேட்டறிந்து, ஒவ்வொரு கோட்டின்மேலும் அந்தந்தச் சாவடி இருக்குமிடத்தின் பெயரை என் மிகச் சிறந்த கையெழுத்தில் எழுதினேன்: பல்லேபொல, பெருஞ்சாலை, தோட்டப் பாதை. வட்டங்களுள் ஒன்றில் யட்டவத்தை, மற்றொன்றில் கலேவெல.

தேநீரோடு வந்த வேலாயுதம் அதைப் பார்த்து நின்றார். "பேரு வேணாமே சேர். எழுத்து போதும்னுதான் நான் எழுத்தா போட்டேன்."

"துல்லியம் என்பது விருப்பப் பாடமன்று," என்றேன். அவர் தேநீரை வைத்துவிட்டுப் போனார். தாளை மடித்து அச்சுப்படியோடு தோல்பையில் வைத்துக்கொண்டேன். மறுப்பைத்தான் எழுதி முடிக்க இயலவில்லை. தொடக்கம் சரியாக அமையவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள். வேலாயுதத்தின் மனைவிக்குக் கலேவெலச் சந்தையிலிருந்து சின்ன வெங்காயம் வேண்டியிருந்தது. நானும் உடன் செல்ல விரும்பினேன். நிஸ்தாரின் வண்டியில் வேலாயுதமும் நானும் பல்லேபொலச் சாவடி வழியே போனோம். சிப்பாய் அட்டைகளைப் பார்த்தான்; வண்டியின் எண்ணைக் குறித்தான்; விட்டான். ஈரம் குறைந்த சமவெளி, வயல்கள், கத்தரியும் பூசணியும் குவிந்த சந்தை. வெங்காயம் வாங்கி, ஒரு முஸ்லிம் உணவகத்தில் ரொட்டி தின்றோம். பெருஞ்சாலைச் சாவடி வழியே திரும்பினோம். அங்கும் இடர் இல்லை. வழக்கம் வழக்கப்படி நடந்தது.

வீட்டுக்கு அரைமைல் இருக்கையில் மடியைத் தடவினேன். தோல்பை இல்லை. உணவகத்தில் விசிப்பலகையின் கீழ் வைத்தது நினைவுக்கு வந்தது.

"நாளைக்கு எடுப்போம் சேர்," என்றார் நிஸ்தார். "கடைக்கார நானா எனக்குத் தெரிஞ்ச ஆள்தான்." நானா என்றால் அவர்கள் வழக்கில் அண்ணன்.

"என் நூல் அதில் இருக்கிறது."

"நூல் ஓடியா போகும்?"

நான் வற்புறுத்தினேன். இருபத்தாறு ஆண்டு உழைப்பு என்றேன். வேறு படி இல்லை என்றேன், அது பொய். வேலாயுதம் வெங்காயப் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார். "சேருக்குச் சிங்களம் தெரியாது. நானும் வாறேன்," என்றார். போன பாதையிலோ வந்த பாதையிலோ மறுபடி போக நிஸ்தார் உடன்படவில்லை. எஞ்சியது மூன்றாவது. தோட்டப் பாதைச் சாவடியைக் கடந்தபோது, மறுபக்கத்தில் இருந்தோம்.

உணவகத்தை அடைந்தபோது உள்ளே ஒருவரும் இல்லை. மேசைகளில் பாதி உண்ட தட்டுகள். உண்டவர்கள், உரிமையாளர், சமையற்காரர் என அனைவரும் சாலையின் எதிர்ப்புறத்தில் திரளாக நின்று கடைக்குள்ளே பார்த்துக்கொண்டிருந்தனர்.

"யார்ட பேக் அது?" என்று உரிமையாளர் கத்தினார்.

"என்னுடையது."

"அல்லாஹ்வே! பேக்க வெச்சிட்டுப் போறதா? குண்டு எண்டு நெனச்சு எல்லாரும் சோத்த விட்டுட்டு ஓடிட்டாங்க. பொலிஸுக்குச் சொல்ல ஆள் போயாச்சு!"

என் எழுத்து ஒரு கூடத்தை இவ்வளவு விரைவில் காலியாக்கியது அது முதன்முறையன்று; ஆனால் மக்கள் ஓடியதும், ஓடியவர்கள் தொலைவில் நின்று கவனமாக நோக்கியதும் இங்கேதான். நான் உள்ளே சென்று பையை எடுத்துத் திறந்து காட்டினேன். தாள்களைக் கண்டதும் கூட்டத்தில் ஒரு கிழவர், "இதுக்கா என்ட கொத்து ரொட்டி ஆறிப்போச்சு?" என்று நொந்துகொண்டார்.

வண்டி புறப்பட்டது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வேலாயுதம் என் பக்கம் திரும்பினார்.

"சேர், இப்ப நாம எங்க இருக்கோம்?"

"அந்தப் பக்கம்," என்றேன். எவரும் சிரிக்கவில்லை.

எதன் வழியே திரும்பினாலும் இரண்டாம் முறைதான். பல்லேபொல என்று முடிவாயிற்று. காலையில் பார்த்த அதே சிப்பாய். அவன் அட்டைகளை வாங்கினான். இம்முறை முகங்களைப் பார்த்தான். குறிப்பேட்டைப் புரட்டினான், கம்பியில்லாக் கருவியில் பேசினான். மறுமுனையிலிருந்து ஒரு குரல், பிறகு இன்னொரு குரல். மறுமுனை அதிகாரியை 'மாத்தையா' என்று குறிப்பிட்டு, அவர் கேட்டதை நிஸ்தார் தாழ்ந்த குரலில் எனக்குப் பெயர்த்துச் சொன்னார்: "மாத்தையா செல்றாரு, காலையில இதால போனீங்க, பகல் பெரிய ரோட்டால வந்தீங்க, பொறகு தோட்டத்தால போனீங்க, இப்ப திரும்ப இங்க. ஒரே நாள்ல மூணு செக் பொயின்டையும் என்னத்துக்கு சுத்திப் பார்த்த எண்டு கேக்கிறார்."

பை திறக்கப்பட்டது. அச்சுப்படியில் பக்கத்துக்குப் பக்கம் புள்ளிகளும் கோடுகளும். சிப்பாய் தாள்களைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். அவற்றுக்கு அது பெரிய வேறுபாடன்று. பிறகு வேலாயுதத்தின் கடிதம் வெளியே வந்தது. தமிழ் எழுத்து அவனுக்குத் தெரியாது. ஆனால் இரு வட்டங்களும் மூன்று கோடுகளும் எந்த நாட்டுச் சிப்பாய்க்கும் தெரியும். நிஸ்தாரை அழைத்து வாசிக்கச் சொன்னான். நிஸ்தார் என்னைப் பார்த்தார். நான் எழுதிய பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார்: பல்லேபொல. பெருஞ்சாலை. தோட்டப் பாதை. அடியில் இருந்த பெயரையும் ஊரையும் வாசிக்கச் சொன்னான். அதையும் வாசித்தார்.

வேலாயுதத்தை மணல்மூட்டைகளுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு விசிப்பலகையில் அமர்த்தினார்கள். அட்டையை ஒருவன் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வெங்காயப் பை அவர் மடியிலேயே இருந்தது. கீழே வைக்கலாம் என்று எவரும் சொல்லவில்லை, அவராகவும் வைக்கவில்லை.

"முகாமுக்கு ஏத்தப் பாக்கிறானுகள்," என்றார் நிஸ்தார். "ஏத்தினா பொறகு நம்மட கையில இல்ல சேர்."

அதிகாரி வந்தார். இளைஞர், ஆங்கிலத்தில் பேசினார். என் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்துவிட்டு, "நீங்கள் போகலாம், பேராசிரியரே," என்றார்.

"அவர்?"

"அவர் எங்கள் மூன்று சாவடிகளின் வரைபடத்தை ஓர் அயல்நாட்டவருக்குத் தந்திருக்கிறார்."

"அது வரைபடமன்று," என்றேன். "அதில் தொலைவு இல்லை, திசை இல்லை, அளவு இல்லை. அது ஒரு கோட்டுரு." இவ்விளக்கம் அவரை அமைதிப்படுத்தவில்லை. பெயர்களை நான்தான் எழுதினேன் என்றேன். "ஏன்?" என்றார். "துல்லியத்துக்காக," என்றேன். அதுவும் உதவவில்லை.

அவர் தாளை விளக்கொளியில் பிடித்தார். "நான் பள்ளியில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்தவன். இது கணிதம் என்றால் விளக்குங்கள்."

விளக்கினேன். என் துணைத்தேற்றத்தை முழுமையாகச் சொன்னேன். கருத்தரங்கில் சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன் என நினைக்கிறேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். பிறகு சுட்டுவிரலால் முதல் கோட்டின்மேல் போனார், இரண்டாவதால் வந்தார், மூன்றாவதால் போனார். விரல் கலேவெல வட்டத்துக்குள் நின்றது.

"இது திரும்பி வராதே," என்றார்.

நான் அந்த விரலையே பார்த்தேன்.

"இந்தப் படம் கணிதம் என்றால் நீங்கள் சொன்னது தவறு. நீங்கள் சொன்னது சரியென்றால் இந்தப் படத்துக்குக் கணிதத்தில் வேலை இல்லை. அப்படியானால் அது வேறு ஏதோ. இரண்டில் எது, பேராசிரியரே?"

இவ்வளவு செம்மையான வினாவை என்னிடம் எவரும் தொடுத்ததில்லை. விடையும் எனக்குத் தெரியும். நேற்றுப் பிற்பகல் சிமெந்துத் தரையிலேயே தெரியும். ஆயினும் நான் தயங்கினேன் என்பதை எழுதாமல் விட்டால் இக்கட்டுரையின் மற்ற வாக்கியங்களுக்கு மதிப்பில்லை. சில கூடுதல் நிபந்தனைகளின்கீழ் இரண்டும் பொருந்தும் என்பதுபோல் ஒரு சொற்றொடரை மனம் கோத்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது கட்டுரைகளும் நூலின் அட்டையும் கண்முன் வந்தன. தயக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை மட்டும் சொல்லமாட்டேன். அதற்குள் ஒரு பாரவண்டி பின்புறமாக வந்து விசிப்பலகைக்கு அருகே நின்றது. அதன் பின்கதவைத் திறந்தார்கள். வேலாயுதம் என்னைப் பார்க்கவில்லை. தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாணவன் கரும்பலகையில் திணறும்போது நல்ல ஆசிரியர் வேறுபக்கம் பார்ப்பதுபோல் இருந்தது அது.

"படம் கணிதம்," என்றேன். "அவர் சொன்னது சரி. நான் சொன்னது தவறு."

"எழுதித் தருவீர்களா?"

சார்ஜன்ட் ஒருவர் தடித்த பதிவேட்டை விரித்தார். அதிகாரி சொல்லச் சொல்ல அவர் சிங்களத்தில் எழுதினார். உருண்டை உருண்டையான எழுத்துகள். ஒன்றும் எனக்குப் படிக்கத் தெரியாது. படித்தறியாத எதிலும் கையொப்பமிட மாட்டேன் என்றேன். அந்நேரத்திலும் அக்கொள்கை என்னிடம் எஞ்சியிருந்தது. சார்ஜன்ட் வாசித்தார், நிஸ்தார் பெயர்த்தார்:

"இந்த இந்தியர் இருபத்தாறு வருஷமா ஒரு வழி இருக்கு எண்டு செல்லிட்டு வந்தார். அப்பிடி வழி ஒண்டும் இல்ல. இந்த ஊர் மாஸ்டர் அத அவருக்குக் காட்டினார்."

கையொப்பமிட்டேன். சாட்சியாக வேலாயுதத்தையும் இடச் சொன்னார்கள். அவர் வெங்காயப் பையை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு இட்டார். பாரவண்டி வெறுமையாகத் திரும்பிச் சென்றது. படத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்குச் செல்லும் வழியில் இருட்டிவிட்டது. நான் மன்னிப்பைத் தகுந்த சொற்களில் அமைத்துக்கொண்டிருந்தபோது வேலாயுதம் முந்திக்கொண்டார்.

"வீட்டுல உங்களுக்கு இனிப் பேரு மாத்தணும் சேர்."

"நீங்கள்...?"

"எனக்கென்ன. இனி மூணுலயும் என் மொகம் தெரியும்." சிறிது நேரம் கழித்து, "போக ஒண்ணு, வர ஒண்ணுன்னு இனிப் பாக்கத் தேவையில்ல. எதால போனாலும் ஒண்ணுதான்," என்றார். நிஸ்தார் வளைவொன்றில் ஒலிப்பானை அழுத்தாமல் திரும்பினார்.

நான்காம் நாள் புறப்பட்டேன். ஊருக்கு வந்து நூலை நிறுத்தினேன். துணைத்தேற்றத்தில் "அம்மூன்று விளிம்புகளும் சேர்ந்து கோட்டுருவை இரண்டாகத் துண்டிக்காதபோது" என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்ததில் பத்தொன்பது கட்டுரைகளில் ஐந்து உயிர்பிழைத்தன. ஆய்விதழ்களுக்கும் பிழைதிருத்தம் அனுப்பினேன், நான்கு பக்கம். திருத்தம் தந்தவர் எந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர் என்று ஒரு பதிப்பாசிரியர் கேட்டார். பல்லேபொலச் சாவடி என்று எழுத எண்ணி, பள்ளியின் பெயரையே எழுதினேன்.

அந்நான்கு பக்கங்களை ஏழுமுறை செப்பனிட்டேன். சொல்லைக் குறைத்தேன், தொடரை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் சார்ஜன்டின் மூன்று வாக்கியங்கள் நினைவில் வந்து நிற்கும். அவற்றில் மாற்ற ஒரு சொல்லும் எனக்கு அகப்படவில்லை. அவற்றின் அடியில் என் கையொப்பமும் அவர் கையொப்பமும் இருக்கின்றன. அந்தப் பதிவேட்டைப் புரட்டி என்னைத் தேடி எவரும் வரப்போவதில்லை; அவர் அங்கேயேதான் இருக்கிறார்.